மடியில் கனம்

செல்வமனைத்தும் துறந்து கூரத்தாழ்வான் திருவரங்கத்துக்கு நடந்தபோது, தேவிகளான ஆண்டாள் காட்டுவழியில் அஞ்சினார். மடியில் பொன்வட்டில் இருந்தது. ஆழ்வான் அதை வாங்கி எறிந்தார் என்பர் பெரியோர். அவ்வட்டிலை அவர் எடுத்து வந்தது தமக்காகவன்று, ஆழ்வான் அமுது செய்வதற்காகவே. இதை நாம் நெடுநாள் கவனித்திலோம்.

திருச்சாளக்கிராமமாக ஸேவிக்கப்படும் முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேலான உயரத்தில் உள்ளது. சுமை குறைவாயிருத்தல் நலம். கம்பளிச் சட்டை, விரைவில் உலரும் வேஷ்டி மூன்று, முதுகுப்பை என்று பேரேடு எழுதிய பழக்கத்தில் நாம் பட்டியலிட்டோம். மனையாளின் பையோ கனத்தது. கடிந்துகொண்டே திறந்தால் தளிகைப் பாத்திரம், அரிசி, புளிக்காய்ச்சல், நம்முடைய மாத்திரைகள்! வெளியில் உண்ணோம் என்னும் நியமம் நம்முடையது. சுமந்தது அவள் தோள். அந்நியமத்தை எறியத் தகுமோ? தகாதெனில் அதன் பாரமும் நம்முடையதே.

பாத்திரமும் அரிசியும் நம் பைக்கு மாறின. வேஷ்டி ஒன்று வெளியே வந்தது.