ஏவிய நோய்க்கு யார் பொறுப்பு?

பயிரழிக்கும் பிராணிகள்மீது நோயை ஏவலாமா? அவுஸ்திரேலியா 1950இல் ஏவியது. 1859இல் வேட்டை விளையாட்டுக்கென இங்கிலாந்திலிருந்து தருவித்து விடப்பட்ட முயல்கள் கோடிக்கணக்காகப் பெருகி, மேய்ச்சல் நிலங்களை மொட்டையாக்கியிருந்தன. (வரவழைத்தவன் மனிதனே!) கமக்காரரின் இழப்பு மெய்யானது, அதை இலேசாக எண்ணலாகாது. மிக்சோமா வைரசை நுளம்புகள் பரப்பின. ஆரம்பத்தில் நோயுற்ற முயல்களில் நூற்றுக்கு 99க்கு மேல் மடிந்தன.

சில ஆண்டுகளில் நோய் தணிந்தது. விரைந்து கொல்லும் கிருமி முயலோடு தானும் அழிகிறது. மெல்லக் கொல்லும் கிருமியை நுளம்புகள் பலநாள் காவிச் செல்லும். தப்பிய முயல்களின் சந்ததியோ எதிர்ப்புச் சக்தி பெற்றது. பிராங்க் பென்னர் என்ற விஞ்ஞானி இதனை ஆராய்ந்து அளந்து காட்டினார்.

இதனை இயற்கையின் இரக்கம் என்பாருமுளர். நாம் அவ்வாறு கருதோம். 2 கிழமைக்குள் முடிந்த வேதனை, கண்வீங்கிக் குருடான முயலுக்கு 3, 4 கிழமையாக நீண்டது. தேவையின்றி மிருகங்களை வதைத்தல் மனித மாண்புக்கு முரண் என்கிறது 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல். 1950இல் ‘தேவை’ என்று நிறுத்தவர்கள் விரைவான சாவையே தராசில் வைத்தனர். தட்டிலிருந்த பொருள் பின்னர் மாறிவிட்டது. ஏவியவரின் பொறுப்பு மாறவில்லை. 1995இல் இரண்டாவதொரு வைரசு, அனுமதி கிடைக்குமுன்னரே தீவுச் சோதனை நிலையத்திலிருந்து தப்பிப் பெருநிலத்தில் பரவிற்று. அம்முறை தராசைத் தூக்கவே எவருக்கும் அவகாசமிருக்கவில்லை.