அரக்குக்குக் கழிவு

போன தை மாதம் அம்மாவின் அட்டிகையை எடுத்துக்கொண்டு ஓசூர் எம்.ஜி. ரோட்டில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். சொல்லப்போனால் அது அம்மாவுடையதுகூட இல்லை, அவள் மாமியாருடையது. கெம்புக்கல் வரிசையில் இரண்டு கல் எப்போதோ விழுந்துவிட்டன. விழுந்த குழிக்குள் கருஞ்சிவப்பாக அரக்கு தெரிந்தது. என்ன மாற்று, என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

“தம்பி, சுரண்டிக்கிரண்டிப் பாக்காதப்பா” என்றாள் அம்மா, கடைத் தம்பியிடம்.

“உரசவே மாட்டோம்மா. கதிர் மட்டும்தான் படும். நகைக்கு ஒண்ணும் ஆகாது.”

ரொட்டி சுடும் அடுப்பு அளவில் ஒரு பெட்டி. அட்டிகையை உள்ளே வைத்து மூடினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சீட்டு வந்தது. தங்கம் 86 சதவீதம், பிறகு செம்பு, வெள்ளி, கொஞ்சம் துத்தநாகம். அம்மா சீட்டை வாங்கி, எழுத்து தெரிகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். “அரக்கு எங்கப்பா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் மிஷினுக்குத் தெரியாதும்மா.”

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். அந்தப் பெட்டி எனக்குப் புதிதில்லை. அதன் துப்பாக்கி வடிவத் தம்பி ஒருவன் என் மேசையிலேயே கிடக்கிறான். லாரியில் எஃகு வந்து இறங்கினால் முதலில் அவனைத்தான் நீட்டுவோம். “கன் அடிச்சாச்சா?” என்பது எங்கள் பாஷை. உள்ளே நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். எக்ஸ்-கதிர் பட்டதும் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரான் ஒன்று தெறித்து வெளியேறும். வெளிவட்டத்தில் இருப்பது அந்தக் காலி இடத்துக்கு இறங்கும். இறங்கும்போது ஒரு சிறு கதிரை உமிழும். அந்தக் கதிரின் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு. தங்கம் 9.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் பேசும், பாதரசம் 10இல், ஈயம் பத்தரையில். அக்கம்பக்கத்து வீட்டுக் குரல்கள் மாதிரிதான், பழகிய கருவி பிரித்துச் சொல்லிவிடும். உரைகல்லில் தேய்த்துக் கோட்டின் நிறம் பார்த்த காலம் போய், தனிஷ்க் கடைகளில் காரட்மீட்டர் என்ற பெயரில் இது வந்தபோது ஜனங்கள் வீட்டு நகையைத் தூக்கிக்கொண்டு ஓடியது பலருக்கு நினைவிருக்கும். 1984இல் தொடங்கிய, தனிஷ்க்கை நடத்தும் டைட்டன் நிறுவனம் கடிகாரத்தோடு நிற்காமல் நகைக்கும் இந்த ஓசூரிலேயே பட்டறை போட்டதால், ஊருக்கு அந்தப் பெட்டி மேல் ஒரு சொந்தம் உண்டு.

அந்தக் கன்னில் ஒரு குறை உண்டு. அது கார்பனைப் பார்க்காது. கார்பன் உமிழும் கதிர் அவ்வளவு சன்னம். கருவியை வந்து சேருமுன் காற்றே அதை விழுங்கிவிடும். இரும்பை எஃகாக்குவது கார்பன். 304 என்ற எஃகுக்கும் 304எல் என்ற எஃகுக்கும் வித்தியாசமே கார்பன்தான்: முன்னதில் 0.08 சதவீதம் வரை இருக்கலாம், பின்னதில் 0.03ஐத் தாண்டக் கூடாது. வெல்டிங் வைத்த இடத்தின் ஓரம் நாளைக்கு அரிக்குமா நிற்குமா என்பது அந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது. கன்னுக்கு இரண்டும் ஒன்றே. கார்பனைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் கொண்டுபோய்த் தீப்பொறி கொடுக்க வேண்டும். பொருளில் ஒரு கருவட்டம் விழும். நோகாமல் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது, தெரிகிற கண்ணுக்குக் கொஞ்சம் சுட்டாக வேண்டும்.

இதே கருவியை ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் இடைக்கால மரப்பலகை ஓவியங்கள் முன்னால் நிறுத்துகிறார்கள். இத்தாலியில் பாப்ளர் பலகை, வடக்கே ஓக். பலகைமேல் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம், தங்கத் தகடு. கதிர் பட்டதும் எல்லாம் பெயர் சொல்லும். ஈயமா, வெள்ளை. பாதரசமா, சிவப்பு. செம்பா, பச்சையோ நீலமோ. டைட்டானியம் வந்தால் யாரோ இருபதாம் நூற்றாண்டில் கை வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த வெள்ளை அதற்கு முன் கடைக்கு வரவில்லை. நல்ல துப்பறிவாளன்தான். ஆனாலும் அங்கேயும் அதே குருடு. கதிர் வண்ணத்தைச் சொல்லும், வண்ணத்தைப் பலகையில் பிடித்துவைத்திருப்பதைச் சொல்லாது.

பிடித்துவைத்திருப்பது என்ன? 1400ஐ ஒட்டிச் சென்னினோ சென்னினி என்ற இத்தாலியர் ஓவியர்களுக்கென்று எழுதிய கைநூல் அதை விலாவாரியாகச் சொல்கிறது. ஆட்டுத்தோல் துணுக்குகளைக் காய்ச்சிப் பசை எடு. அதில் ஜிப்சத்தைக் குழைத்துப் பூச்சுமேல் பூச்சாக எட்டுத் தரம் பூசு. வண்ணத்தை முட்டையின் மஞ்சள் கருவில் கரை. எனக்குப் பிடித்த இடம் ஒன்று: இளம் முகங்களுக்குப் பட்டணத்துக் கோழியின் வெளிறிய கருவும், வயதான கறுத்த முகங்களுக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கருவும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் மனிதர். ஆப்கான் மலையிலிருந்து கடல் தாண்டி வந்த நீலக்கல்லைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் உண்டு. அந்த நீலம் அறுநூறு வருடம் உதிராமல் நிற்பது கொல்லைப்புறத்துக் கோழியின் தயவால்.

அந்தக் கோழியைக் கண்டுபிடிக்கவும் இப்போது வழி வந்துவிட்டது. குண்டூசித் தலையில் நிற்கிற அளவு ஒரு துளியைப் பெயர்த்தெடுத்து, அதிலுள்ள புரதத்தை நறுக்கி எடை பார்த்தால், முட்டையா, ஆட்டுத்தோலா, மீன் பசையா என்று வகை பிரித்துவிடலாம். ஆனால் பெயர்த்தாக வேண்டும். எங்கள் தீப்பொறிக் கதையேதான்.

நம் பக்கத்துப் பலகைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ஓவியம் என்றதும் எல்லோருக்கும் தங்க ரேக்கும் ஜெய்ப்பூர்க் கல்லும்தான் கண்ணில் நிற்கும். பலாப்பலகையிலோ தேக்கிலோ துணியை ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, மேடு வர வேண்டிய இடத்தில் மக்கு வைத்து எழுப்பி, அப்புறம்தான் ரேக்கு ஒட்டுகிறார்கள். ஏறக்குறைய சென்னினி சொன்ன வேலைதான், வேறொரு கண்டத்தில். பழைய கைகள் அதற்குக் காய்ச்சிய பசை புளியங்கொட்டைப் பசை.

கிருஷ்ணகிரிக்காரனிடம் புளியங்கொட்டையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் திண்ணையிலும் மரத்தடியிலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி தட்டுகிற சத்தம் கேட்கும். ஓட்டை உடைத்து, நாரை உருவி, பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்து ஒரு பக்கம் எறிவார்கள். விரல் நுனிகள் கறுத்து, புளிப்பு ஏறி, இரவில் சோறு பிசையும்போது எரியும் என்று என் அத்தை சொல்வாள். புளி மண்டிக்குப் போகும். கொட்டை தனியாக மூட்டை கட்டி மாவு மில்லுக்குப் போகும், அங்கிருந்து நூலுக்குக் கஞ்சி போடப் போகும். பழத்துக்கு ஒரு விலை, கொட்டைக்கு ஒரு விலை. கொட்டையின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சாமி படத்தின் தங்கம் அந்தக் கொட்டையின்மேல் நிற்கிறது. என் கன்னை அந்தப் படத்தின்மேல் நீட்டினால் தங்கம் என்று கூவும், கால்சியம் என்று முணுமுணுக்கும். கொட்டையைப் பற்றி மூச்சு விடாது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வந்தது. பலகை போய்ச் சுவர் வந்துவிட்டதே என்று கோபிக்க வேண்டாம், கதை ஒட்டைப் பற்றியது. ராஜராஜன் 1010இல் முடித்த கோயில். கருவறையைச் சுற்றியிருக்கும் இருட்டு நடையில் நாயக்கர் காலத்து ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியில் இன்னொரு ஓவியம் இருப்பதை 1931இல் கண்டு உலகுக்குச் சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி. பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சுவரின் துணுக்குகளைச் சோதித்தார். அவருடைய ஆய்வு 1937இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஃபாக் அருங்காட்சியகத்தின் இதழில் வெளியானது. கதிர்த் துப்பாக்கி எல்லாம் கனவிலும் இல்லாத நாள். அமிலமும் நுண்ணோக்கியும்தான் ஆயுதம். காவி, மஞ்சள் காவி, பச்சை மண், புகைக்கரி, சுண்ண வெள்ளை, நீலம் என்று வண்ணங்களை வரிசைப்படுத்தினார். அதைவிடப் பெரிய காரியம், ஒட்டைத் தேடினார். பசை இருக்கிறதா, பிசின் இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். எதுவும் இல்லை. ஈரச் சுண்ணாம்பின்மேல் நேரடியாகத் தீட்டியிருக்கிறார்கள், சுண்ணாம்பே வண்ணத்தைப் பிடித்துக்கொண்டது என்பது அவர் கண்ட முடிவு. சாந்து காய்வதற்குள் தீட்டி முடித்துவிட வேண்டும். தப்பினால் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஷிப்டு முடிவதற்குள் எண்ணிக்கை காட்ட வேண்டிய எங்கள் ஆட்களுக்கு அந்தப் பதைப்பு புரியும்.

சுண்ணாம்பு எப்படிப் பிடிக்கிறது? பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், யோசிக்காமல் விட்டுவிட்டேன். கல்லைச் சுட்டால் அதிலிருந்த கரியமில வாயு போய்விடுகிறது. நீற்றிப் பூசினால், சுவர் காய்கிறது என்று நாம் சொல்லும் அந்த நாட்களில், காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அந்தக் கல் படிகமாகும்போது வண்ணத்தை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இறுகிய சுண்ணாம்பு 100 கிராமில் 44 கிராம், ஏறக்குறைய பாதி, காற்றிலிருந்து வந்த வாயு.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் இந்த இடத்தில். எந்தக் காற்று அது? திறந்தவெளிக் காற்று இல்லை. நாலாபுறமும் கருங்கல் அடைத்த குறுகிய நடை. வெளிச்சத்துக்கு விளக்கு எரிந்தாக வேண்டும். சாரத்தில் ஓவியர்கள், கீழே சாந்து குழைக்கிறவர்கள், தண்ணீர் சுமக்கிறவர்கள். விளக்குப் புகையும் இத்தனை பேர் விட்ட மூச்சும் சுற்றிச் சுற்றி அந்த ஈரச் சுவரில்தான் பட்டிருக்கும், சுவர் அதைக் குடித்துத்தான் இறுகியிருக்கும். பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ளாத ஆட்கள் மூச்சைக் கல்லாக்கி விட்டுப்போனார்கள். உவமை சொல்லவில்லை. சுண்ணாம்புச் சாந்துக்குள் மாட்டிக்கொண்ட அந்தக் கார்பனை எண்ணிக் கட்டடத்தின் வயதைக் கணிக்கலாம் என்று 1964இலேயே பிரான்சில் செய்து காட்டினார்கள். சாந்து எந்த நாளின் காற்றைக் குடித்ததோ அந்த நாளைச் சொல்லும்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் இந்தக் கணக்கு பழக்கமானது. பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவித்தார்களே, அந்த வருடத்தைச் சொன்னதும் கார்பன்தான். இரும்பு தன் வயதைச் சொல்லாது, கூடக் கிடந்தது சொல்லியது.

நாயக்கர் ஓவியத்தை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், எனக்கு அதில் ஒரு பெருமை. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் 1432இல் முடித்த புகழ்பெற்ற பலகை ஓவியம் ஒன்றில் பின்னால் வந்தவர்கள் தீட்டிய மேல்பூச்சை அண்மையில் நுண்ணோக்கி வைத்துக் கத்தியால் சீவி எடுத்தார்கள். நடுவில் இருக்கும் ஆட்டுக்குட்டிக்குப் பழைய முகம் திரும்பியது, மேலே தீட்டியவன் வேலை தூளாகப் போயிற்று. தஞ்சையில் நம் தொல்லியல் துறை நாயக்கர் ஓவியத்தைச் சாந்தோடு சேர்த்துத் தோல் உரிப்பதுபோல் உரித்து, கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றிக் காப்பாற்றியது. அடியில் சோழன் தெரிந்தான், நாயக்கனும் சாகவில்லை. இரண்டு சாந்துக்கும் நடுவில் ஒட்டு எங்கே பலவீனம் என்று தெரிந்தவனுக்குத்தான் அது முடியும்.

சீட்டில் ஏறுவதற்கே நாம் விலை போடுகிறோம். சீட்டில் ஏறாததுதான் பொருளைப் பொருளாக நிறுத்தி வைத்திருக்கிறது. கோழிமுட்டையும் புளியங்கொட்டையும் ஆள் விட்ட மூச்சும் எல்லாம் கார்பன், எல்லாம் உயிரோடு இருந்தவை விட்டுப்போனவை. சோதனைக்கூடத்தில் இருபது வருடம் கன் பிடித்தவனுக்கு இது தட்டுப்பட ஒரு அட்டிகை வேண்டியிருந்தது.

கடைக்கு வருவோம். மொத்த எடை 31 கிராம். கல்லுக்கும் அரக்குக்கும் 9 கிராம் கழிவு என்று தம்பி கால்குலேட்டரைத் தட்டினான்.

“அரக்குக்கு ஒண்ணுமே இல்லியாப்பா?”

“அதுக்கு ரேட்டு இல்லம்மா.”

அம்மா அட்டிகையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நேரே பத்தரிடம் போனோம். விழுந்த இரண்டு குழியிலும் பழைய அரக்கைச் சுரண்டி எடுத்து, புதிதாக உருக்கி வைத்துக் கல் பதித்துத் தர அறுநூறு ரூபாய் கேட்டார். அம்மா பேரம் பேசவில்லை.