ஒலி துறந்த ஊர்

(தீபாவளிக்கு முன்னர் வலையபட்டியில் நிகழ்த்திய அறவுரை)

 

இன்னும் சில நாட்களில் தீபாவளித் திருநாள் வருகின்றது. நாட்டார் இதனைப் பல காரணங்கள் கூறிக் கொண்டாடுவர். நமக்கோ இது, இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாள். கி.மு. 527ஆம் ஆண்டில், அமாவாசை இரவு கழியும் வைகறைப் பொழுதில் அது நிகழ்ந்தது என்பது நம் மரபு. ஞானச்சுடர் மறைந்தது, இனி மண்விளக்கின் சுடரையாவது ஏற்றுவோம் என்று, அங்கிருந்த மன்னர்கள் வரிசையாக விளக்கேற்றினர் என்று பெரியோர் கூறுவர். ஆதலின் இது விளக்கின் திருநாள். வெடியின் திருநாள் அன்று.

இதனை நான் சொல்லும்போது, “சுவாமி, எங்களுக்குத் தெரிந்ததுதானே” என்று நீங்கள் நினைக்கலாம். தெரிந்ததுதான். ஆயினும் அதே வைகறையில் ஜினாலயத்திற்குச் சென்று பூசை முடித்துத் திரும்பிய நம் கால்கள், வீட்டு வாசலில் சரவெடியின் திரியைக் கிள்ளுவதற்கு விரைகின்றனவே! தெரிந்ததற்கும் செய்வதற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். அதற்கு நான் மேற்கோளாகக் காட்டப்போவது ஒரு சாத்திரத்தை அன்று. நம் செட்டிநாட்டின் அண்மையில் உள்ள ஓர் ஊரை.

திருப்பத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் கொள்ளுகுடிப்பட்டி என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூரின் பெரிய கண்மாய், சின்னக் கண்மாய், அடுத்துள்ள வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய் ஆகிய மூன்றும் சேர்ந்த 38.4 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, 1977ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்பது அதன் பெயர். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால், நீரில் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் வந்து அமரும். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, வக்கா, நீர்க்காகம், பல வகைக் கொக்குகள் எனக் கூட்டம் கூட்டமாக வந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, வெயில் முற்றும் காலத்தில் விடைபெற்றுச் செல்லும். ஊசிவால் வாத்தும் கிளுவையும் வடதிசைக் குளிர்நாடுகளிலிருந்து வருகின்றன.

இப்பறவைகள் வரும் காலமும் தீபாவளி வரும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆதலால் அவ்வூர் மக்கள் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இது அவர்களுடைய வழக்கம். திருமணத்திலும் கோயில் விழாவிலும் கூட வேட்டுச் சத்தமோ பேரொலியோ எழாமல் காத்துக்கொள்கின்றனர். ஆண்டுதோறும் வனத்துறையினர் அவ்வூருக்கு வந்து, இனிப்பு வழங்கி நன்றி கூறிச் செல்கின்றனர்.

அன்பர்களே, ஒரு வெடியின் ஓசையால் பறவைக்கு என்ன கேடு என்று கேட்கலாம். நாரையும் கொக்கும் தனித்துக் கூடு கட்டுவன அல்ல; ஒரே மரத்தில் பல கூடுகள் நெருங்கியிருக்கும். திடீரெனப் பேரொலி எழுந்தால் அத்தனைத் தாய்ப்பறவைகளும் ஒருசேர எழுந்து பறந்துவிடும். அந்த இடைவேளையில் காகமும் பருந்தும் முட்டையைக் கவரும். வெயில் முட்டையைக் கெடுக்கும். அஞ்சித் தடுமாறும் குஞ்சு நீரில் விழும். கூடு கட்டத் தொடங்கும் வேளையிலேயே அச்சம் தோன்றினால், பறவைகள் அந்த நீர்நிலையையே கைவிட்டுப் போகும். வெடித்தவனுக்கு அது ஒரு கணப்பொழுது. பறவைக்கோ அந்த ஆண்டின் குடும்ப வாழ்வே போயிற்று.

இனி நம் அறநூலுக்கு வருவோம். ஹிம்சையை நால்வகையாக நம் ஆசாரியர்கள் பகுத்துள்ளனர். வேண்டுமென்றே எண்ணிச் செய்வது ஒன்று. சமைத்தல், துப்புரவு செய்தல் போன்ற இல்லறச் செயல்களில் நேர்வது ஒன்று. உழவு முதலிய தொழிலில் நேர்வது ஒன்று. தற்காப்பில் நேர்வது ஒன்று. இல்லறத்தானால் பின்னைய மூன்றையும் முற்றும் விலக்க இயலாது, குறைத்துக்கொள்ளவே இயலும். இதனால்தான் சிராவகனுக்கு விதித்தது அணுவிரதம். முனிவருக்கு விதித்தது மகாவிரதம்.

இப்போது சொல்லுங்கள்: வாணவெடி இந்நான்கில் எதிலே அடங்கும்? அது சமையலா? உழவா? தற்காப்பா? இல்லை. பறவையைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணமும் நமக்கு இல்லைதான். ஆனால் இத்தகைய செயலுக்கும் நம் நூல்கள் ஒரு பெயர் இட்டு வைத்துள்ளன. அநர்த்த தண்டம் என்பது அப்பெயர். எவ்விதப் பயனும் இன்றிப் பிற உயிருக்கு விளைக்கும் துன்பம் என்பது அதன் பொருள். அதனைத் துறப்பது சிராவகனின் குணவிரதங்களுள் ஒன்று. அதன் வகைகளுள் ஒன்றாகப் பிரமாதம், அதாவது பொறுப்பற்ற கவனக்குறைவு, கூறப்படுகின்றது. “நான் நினைக்கவில்லையே” என்பது நமக்குச் சமாதானம் ஆகாது. நினையாமையே அங்குக் குற்றம்.

நான் இதனை மேடையில் நின்று பிறர்க்குச் சொல்லும் தகுதியுடையவனா என்பதையும் கூறிவிடுகின்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் ஊர் ஊருணிக் கரையில் ஒரு பெரிய புளியமரம். அதில் இரவில் கொக்குகள் அடையும். தீபாவளி விடியற்காலையில், தோழர்களோடு சேர்ந்து அம்மரத்தடியில் ஓர் அணுகுண்டு வெடியைக் கொளுத்தினேன். கொக்குகள் இருளில் கூக்குரலிட்டு எழுந்தன. அவற்றுள் ஒன்று மின்கம்பியில் மோதிக் கீழே விழுந்தது. எடுத்துக்கொண்டு வீட்டிற்கு ஓடினேன். என் தந்தையார் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னை அடிக்கவில்லை; வையவும் இல்லை. பறவையை வாங்கித் துணியில் கிடத்தினார். நீர் புகட்டிப் பார்த்தார். அது அலகைத் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் அதன் உயிர் பிரிந்தது. “இன்று பகவான் வீடுபேறு பெற்ற நாள், தம்பி” என்று மட்டும் சொன்னார். அன்று அவர் கோயிலுக்குத் தாமதமாகவே சென்றார். அந்தக் கொக்கைப் புதைக்கக் குழி தோண்டியவன் நான். தவற்றை நினைந்து திரும்பி வருதலைப் பிரதிக்கிரமணம் என்கின்றோம். ஒவ்வொரு தீபாவளியிலும் நான் செய்யும் பிரதிக்கிரமணம் அந்தக் குழியருகே சென்று நிற்கின்றது.

கொள்ளுகுடிப்பட்டி மக்கள் ஜைனர் அல்லர். அநர்த்த தண்டம் என்ற சொல்லை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் விரதத்தை அவர்கள் காக்கின்றார்கள். விரதத்தின் பெயரை நாம் காக்கின்றோம்! இதனை நான் இகழ்ச்சியாகக் கூறவில்லை. நாம் கற்றது எங்கே நின்றுவிட்டது என்று எண்ணிப் பார்க்கவே கூறுகின்றேன். கிழங்கை விலக்குகின்றோம், இரவு உணவை விலக்குகின்றோம், நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். இவை யாவும் உயர்ந்த ஒழுக்கங்களே. ஆனால் அகிம்சை அடுக்களையோடு நின்றுவிடுதல் கூடாது. அது வாசலைத் தாண்டிக் கண்மாய்க் கரை வரை செல்ல வேண்டும்.

நம் முன்னோர் அவ்வாறே சென்றனர். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தைப் பார்த்திருப்பீர்கள். தீர்த்தங்கரரின் அறவுரை மண்டபமாகிய சமவசரணத்தைச் சார்ந்த தாமரைத் தடாகம் அங்கே தீட்டப்பட்டுள்ளது. அத்தடாகத்தில் மீன்கள் உண்டு, அன்னங்கள் உண்டு, யானையும் எருமையும் உண்டு, அவற்றினிடையே மலர் பறிக்கும் மாந்தரும் உண்டு. எவரும் எவரையும் விரட்டவில்லை. சமவசரணத்தின் பன்னிரண்டு அவைகளுள் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஓர் அவை உண்டு என்பது நம் நூற்கொள்கை. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வனவே என்பது உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் நெறி. சித்தன்னவாசல் ஓவியன் வண்ணத்தில் தீட்டிய தடாகத்தை, கொள்ளுகுடிப்பட்டி உழவர்கள் நீரும் உயிருமாகக் காத்து வருகின்றனர். பறவையும் அவர்களுக்கு உதவுகின்றது. அதன் எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு உரமாகின்றது.

“சிற்றூரில் இது இயலும், பெருநகரின் அருகே இயலுமா?” என்ற ஐயம் எழலாம். சென்னையின் நடுவே கிண்டி தேசியப் பூங்கா இருக்கின்றது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அக்காடு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புடையது. அதற்குள் வெளிமானும் புள்ளிமானும் வாழ்கின்றன. மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அங்கே சிறுத்தைகள் உலவுகின்றன. அதன் எல்லைக்குள்ளேயே ஆதிநாதர், பரதர், பாகுபலி ஆகியோரின் பேருருவங்கள் நிற்கும் நம் திரிமூர்த்தி ஆலயமும் உள்ளது. அக்காட்டில் தலைமுறைகளாக வாழும் வார்லிப் பழங்குடியினர், வேங்கையைத் தெய்வமாக வணங்கி அதனோடு இடம் பகிர்ந்து வாழ்ந்தவர்கள். நகரத்தார் செய்யும் பிழையோ வேறு. வேலியோரம் குப்பையைக் கொட்டுகின்றனர். குப்பையைத் தேடி நாய் வருகின்றது; நாயைத் தேடிச் சிறுத்தை வருகின்றது. பின்பு சிறுத்தை ஊருக்குள் புகுந்துவிட்டது என்று கூக்குரலிடுகின்றோம். வேலியை அரசு கட்டலாம். வேலிக்கு இப்பாலுள்ள மனத்தைக் கட்டுவது நம் கடமை.

அந்த மனம் ஒன்றுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரிட்டாபட்டி சான்று. மதுரை மாநகருக்கு அண்மையில், மேலூர் வட்டத்தில் உள்ள அவ்வூர்க் குன்றில், நம் முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் புடைப்புருவமும் உள்ளன. அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த பகுதி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024இல் வெளிப்பட்டபோது, சுற்றுவட்டார ஊர்மக்கள் சாதி சமயம் பாராது ஒன்றுகூடி எதிர்த்தனர். 2025 சனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது. முனிவர்கள் தவமிருந்த பாறையையும், அதில் கூடு கட்டும் வல்லூறையும் ஒருசேரக் காத்தவர்கள் அவ்வூர் உழவர்களே. நம் குன்றக்குடிக் குன்றிலும் அத்தகைய கற்படுக்கைகள் உள்ளன என்பதை மறவாதீர்கள்.

“குழந்தைகளின் மகிழ்ச்சியைப் பறிக்கலாமா?” என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொள்ளுகுடிப்பட்டியிலும் குழந்தைகள் இருக்கின்றனர். பக்கத்து ஊரில் வெடிச்சத்தம் கேட்கும்போது அவர்கள் நெஞ்சிலும் ஏக்கம் எழும். அவர்கள் தருவது எளிய பொருள் அன்று. அதனால்தான் அது தியாகம். ஆனால் அவர்களுக்கு வேறொரு செல்வம் கிடைத்திருக்கின்றது. விடியற்காலையில் ஆயிரம் சிறகுகள் விரியும் ஓசை அது. அதனை நம் குழந்தைகளுக்கும் காட்டுங்கள். குழந்தையிடமிருந்து ஒன்றை வாங்கினால் அதனினும் நல்லதொன்றை அதன் கையில் தருதல் வேண்டும்.

ஆகவே இவ்வாண்டு மூன்று சிறு நியமங்களை உங்கள் முன் வைக்கின்றேன். முதலாவது: பகவான் வீடுபேறு எய்திய நாளில் நம் இல்லங்களில் விளக்கு மட்டுமே எரியட்டும், வெடி வேண்டா. இரண்டாவது: குழந்தைகளோடு வேட்டங்குடிக்குச் செல்லுங்கள்; ஆனால் கூச்சலும் ஒலிபெருக்கியும் பிளாஸ்டிக் பையும் கொண்டு செல்லாதீர்கள். தொலைவில் நின்று பார்த்துத் திரும்புங்கள். மூன்றாவது: நம் ஊர் ஊருணியையும் கண்மாயையும் காத்துக்கொள்ளுங்கள். உயிர்களுக்கு உணவும் நீரும் மறுத்தல் அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று. கட்டி வைத்த மாட்டுக்குத் தீனி மறுப்பது மட்டுமே அதிசாரம் என்று எண்ணாதீர்கள். ஊருணியைக் குப்பையால் தூர்த்து, அங்கு வரும் பறவையின் தண்ணீரைக் கெடுப்பதும் அதுவே.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, நம் லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை நடைபெறுகின்றது. அடிபட்ட பறவைக்கு அங்கே மருந்திடுகின்றனர். போற்றத்தக்க தொண்டு. அதனினும் உயர்ந்த தொண்டு ஒன்று உண்டு. அது பறவை அடிபடாமல் காத்தல். அதற்குக் கட்டிடம் வேண்டா, நிதி வேண்டா. கையிலுள்ள தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், அகல்விளக்கில் வைத்தால் போதும்.

மழைக்காலத்தில் முனிவர்கள் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசம் காப்பது, ஈர நிலத்தில் தளிர்க்கும் சிற்றுயிர்கள் மிதிபடாதிருக்கவே. அதே மழையில் நம் கண்மாய்களுக்கு வந்து தங்கும் பறவைகளும் நமக்கு விருந்தினரே. விருந்தினர் உறங்கும் வீட்டில் நாம் மெல்ல நடப்போமாக.

நல்லறம் வளர்க! அகிம்சை ஓங்குக!