மேலிருந்து வரும் ஆபத்தும் காவலின் அறமும்

ஒருவரது உயிருக்கு வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே கணித்துத் தடுப்பது தனிநபர் பாதுகாப்பு. தாக்க வருபவன் நெருங்கித்தான் ஆக வேண்டும் என்ற நம்பிக்கையில் அது நெடுங்காலம் இயங்கியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது ரயில் பெட்டிக்குள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டும் அருகில் வந்த ஒருவரின் உடலில்தான் கட்டப்பட்டிருந்தது. தடுப்புக்கட்டை, சோதனை வாயில், மெய்க்காவலர் வளையம் எல்லாம் இந்த நெருக்கத்தைத் தடுக்க வந்தவை.

ட்ரோனுக்கு நெருக்கம் தேவையில்லை. 2018இல் காரகாஸ் நகரில் வெனிசுலா அதிபர் மதுரோ பேசிக்கொண்டிருந்தபோது வெடிபொருள் சுமந்த ட்ரோன்கள் வெடித்தன. 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளமும், நவம்பரில் பாக்தாதில் இராக் பிரதமரின் இல்லமும் இவ்வாறே தாக்கப்பட்டன.

ஆகவே காவல் திட்டம் தரையோடு வானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காடு போன்ற ஊருக்கு ஒரு தலைவர் வந்தால் மொட்டைமாடி, வாழைத்தோட்டம், மலைச்சரிவு என ட்ரோனை ஏவக்கூடிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். துல்லியமான பயண நேரத்தை வெளியிடாமல் வைப்பதும், திறந்தவெளியில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதும், அருகில் கூரையுள்ள இடத்தைத் தயாராக வைப்பதும் செலவில்லாத தற்காப்பு. கட்டுப்பாட்டு அலையைக் குலைக்கும் கருவி உதவும். ஆனால் பறக்கும் பாதை முன்பே பதிவேற்றப்பட்ட ட்ரோனை அதனால் மட்டும் நிறுத்திவிட முடியாது. சுட்டு வீழ்த்தினாலோ அது கூட்டத்தின் தலையில் விழக்கூடும்.

அறக்கேள்வி இங்கே எழுகிறது: ஒருவரைக் காக்கப் பிறரை எவ்வளவு ஆபத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாக்கலாம்? களக்காட்டின் சத்தியவாகீஸ்வரர் கோயில் திருவிழாவின் மேல் பறக்கும் ட்ரோன் பெரும்பாலும் வீடியோக்காரருடையதாகவே இருக்கும். வானில் தெரிவதையெல்லாம் பகையாகக் கொண்டால் காவலே அச்சுறுத்தலாகிவிடும்.

திருக்குறள் காவல் பற்றி இரு இடங்களில் பேசுகிறது. அரண் அதிகாரம் நீர், நிலம், மலை, காடு ஆகியவற்றைக் காப்பாகச் சொல்லிவிட்டு, உள்ளிருப்போருக்குச் செயல்திறன் இல்லாவிட்டால் எந்த அரணும் பயன்படாது என்கிறது. செங்கோன்மை அதிகாரமோ, உலகைக் காக்கும் மன்னனை அவனது வழுவாத நீதியே காக்கும் என்கிறது.

இரண்டாவது கூற்றுக்கு வலுவான மறுப்பு உண்டு. 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடித்த பிறகும், பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதிக்கக் காந்தி இசையவில்லை. பத்தாம் நாள் கொல்லப்பட்டார். அறம் உடலுக்குக் கவசமாகவில்லை. ஆனால் அவர் தன் உயிரைத்தான் பணயம் வைத்தார். மெய்க்காவலருக்கோ பிறர் உயிரை அப்படிப் பணயம் வைக்கும் உரிமை கிடையாது. அதனால் காவலைக் கைவிடுவது அவர்களுக்கு அறமாகாது.

எனவே அந்தக் குறளைக் காவலுக்கு மாற்றாகக் கொள்வதைவிட, காவலுக்கான அளவுகோலாகக் கொள்வது பொருந்தும். அதன்படி காவலின் கட்டுப்பாடுகளுக்கும் வரம்பு வேண்டும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கின்றன. சிவப்பில் பறக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். தலைவர் வருகைக்கான தற்காலிகத் தடையும் அதுபோல் இடமும் நேரமும் வரையறுத்து, முன்கூட்டி அறிவித்து, வருகை முடிந்ததும் நீக்கப்பட வேண்டும். கூட்டத்தின் மேல் வீழ்த்துவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். மேடையில் நிற்பவரின் உயிருக்கும் கீழே நிற்பவரின் உயிருக்கும் ஒரே மதிப்புத் தரும் திட்டமே முறையான காவல்.