மையத்தில் நிற்கும் மாணவர் யார்?

உயர்கல்விப் பாடத்திட்டம் மாணவரை மையமாகக் கொண்டு அமைய வேண்டும் என்பதை இன்று அனைவரும் ஏற்கின்றனர். ஆனால் எந்த மாணவரை? இன்றைய விருப்பங்களோடு வகுப்பில் அமர்ந்திருப்பவரையா, நாளை மலரக்கூடிய மனிதரையா?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு மாணவருக்கு மிகுந்த சுதந்திரம் அளிக்கிறது. அவர் பிற துறைப் பாடங்களையும் தேர்ந்துகொள்ளலாம். மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட்டுகள், நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்திற்கு 160. இடையில் விலகுபவர் மூன்றாண்டுகளுக்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழாண்டுகளுக்குள் படிப்பை நிறைவு செய்யலாம்.

இச்சுதந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது? சாந்தோக்ய உபநிஷதக் கதை ஒன்று இங்கே நினைவிற்கு வருகிறது. ஆத்மாவை அறிய விரும்பி இந்திரனும் விரோசனனும் பிரஜாபதியிடம் சென்றனர். 32 ஆண்டுகள் தங்கிய இருவருக்கும் முதற்பாடம் ஒன்றே. நீரில் தெரிந்த தம் உருவத்தைக் கண்டு, உடலே ஆத்மா என்று இருவரும் எண்ணினர். விரோசனன் மனநிறைவுடன் நாடு திரும்பினான். இந்திரனுக்கோ வழியிலேயே ஐயம் எழுந்தது: உடல் அழியும்போது ஆத்மாவும் அழியுமா? அவன் திரும்பி வந்தான். மீண்டும் மீண்டும் வந்தான். அவன் பயின்ற காலம் மொத்தம் 101 ஆண்டுகள்.

பிரஜாபதி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. திரும்பி வந்தவனுக்குக் கதவை அடைக்கவும் இல்லை. அவனது ஐயம் எந்த அளவிற்கு வளர்ந்திருந்ததோ, அங்கிருந்தே அடுத்த பாடத்தைத் தொடங்கினார்.

குடும்ப வறுமையால் படிப்பை நிறுத்தும் மாணவரை விரோசனனோடு ஒப்பிடுவது அநீதி. அவருக்கு அறிவுத் தாகம் உண்டு, வசதிதான் இல்லை. விரோசனனின் குறை வெளியேறியதன்று. 'இதுவே போதும்' என்று முடிவு செய்ததே. மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்பதற்காகவே ஒரு தாளைத் தேர்ந்தெடுப்பவர், கல்லூரியைவிட்டு விலகாமலே விரோசனனாகிவிடுகிறார்.

எனவே பாடத்திட்டம் வகுப்போர், 'எத்தனை பகுதிகளை நடத்தி முடிப்பது?' என்பதோடு நின்றுவிடலாகாது. 'இதனைப் பயின்றவர் எதைச் சுயமாகச் சிந்திக்க வல்லவராவார்? எந்தக் கேள்வியோடு வெளியே செல்வார்?' என்றும் கேட்க வேண்டும். தேர்வு செய்யும் உரிமையோடு, தேர்வு செய்யும் விவேகத்தையும் கற்பிக்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்கி மாணவரோடு உரையாடும் ஆசிரியர் வேண்டும்.

மாணவர் நிற்கும் இடத்திலிருந்து கல்வி தொடங்கட்டும். அவரை அங்கேயே நிறுத்திவிடாதிருக்கட்டும்.