பந்தலும் கிணறும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு 'கல்வெட்டு' வெளியிடும் வழக்கம் உண்டு. குலமுறை கூறி, குணநலம் பாடி, பிரிவாற்றாமை சொல்லி அமையும் அச்சிறு நூல்களிலே குறையுடைய மனிதர் ஒருவரையேனும் காண்பது அரிது. இறந்தாரைப் பழியாமை நாகரிகம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஒருவரை நினைவுகூர்தல் என்பது அவரைப் புகழ்தல் மட்டுந்தானா? அவர் வாழ்வின் நிறையையும் குறையையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பது அன்புக்கு முரணாகுமா? பக்தியும் தொண்டும் நிறைந்த முதியோரைப் பாட்டனாராகப் பெற்ற அனைவருக்கும் உரிய வினா இது.

எம் பாட்டனாரையே எடுத்துக்கொள்வோம். வலிகாமத்துச் செம்மண்ணிலே தோட்டஞ் செய்து வாழ்ந்தவர் அவர். விடியுமுன் நீராடி, திருநீறு அணிந்து, தேவாரம் ஓதிய பின்னரே மண்வெட்டியைத் தொடுவார். பிள்ளைகள் ஐவரையும் படிப்பித்தார். கணவனை இழந்த தமக்கையின் குடும்பத்தையும் தாமே தாங்கினார். வீட்டினுள் அடைந்திருப்பது அவருக்கு ஒவ்வாது. பனம்பழம் விழுங் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து, மாரி தொடங்குமுன் ஒழுங்கையோரங்களிலும் தரவை வெளியிலும் ஊன்றுவார். பனை பயன்தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். பிறர் நுகரப்போகும் பயனுக்காக முதுகை வளைத்த அவ்வுழைப்பை, மோட்சத்துக்குக் கட்டிய முற்பணம் என்று எள்ளி நகையாடும் முற்போக்காளரும் எம்மிடையே உளர். அன்னார் தம் வாழ்நாளில் ஒரு மரமேனும் நட்டதுண்டா என்று கேட்கவே எமக்குத் தோன்றுகின்றது.

திருவிழாக் காலங்களில் அவர் தண்ணீர்ப்பந்தல் அமைத்து மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்குவார். எவர் கை நீட்டினும் வார்ப்பார். ஒருமுறை செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை நடந்தே சென்றார். அவ்யாத்திரையிலே அடியார்கள் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைப்பர். கூடிச் சமைத்து உண்பர். ஆனால் ஊர் திரும்பியதும், அதே பாட்டனாரின் வளவுக் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கயிற்றைத் தொடமுடியாது. குடத்தோடு வந்து, யாரேனும் அள்ளி வார்க்கும்வரை காத்து நிற்றல் வேண்டும். அவரும் வார்த்தார், முகங்கோணாமல் வார்த்தார். கயிற்றை மட்டும் கொடுக்கவில்லை.

ஈகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகின்றது. பந்தலிலே கொடுப்பவர் கை மேலும் வாங்குபவர் கை கீழும் இருக்கின்றன. அந்நிலை மாறாதவரை ஈகை எவ்வளவும் பெருகலாம். சமுதாய அமைப்புக்கு அதனால் யாதோர் இடையூறும் நேராது. கயிறு மற்றவர் கைக்கு மாறும்போதோ, கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவே இல்லாது போகின்றது. பந்தல் புண்ணியத்தைச் சார்ந்தது. கிணறு நிலத்தையும் கூலியையும் சார்ந்தது. தோட்டத்தில் கூலிக்கு உழைத்தோரும் கிணற்றடியில் காத்து நின்றோரும் ஒரே மக்களே. இதனை மறந்து, சாதியை வெறும் மூடநம்பிக்கை என்று விளக்கிவிட முடியாது. பந்தல்வரை வந்த பக்தி கிணற்றடியில் நின்றுவிட்டமைக்குக் காரணமும் இதுவே.

'அது அந்தக் காலம்' என்பர் சிலர். சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களிலிருந்து விலக்குவதைச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே குற்றமாக்கியது. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே சென்று வழிபடும் உரிமை கோரி மக்கள் திரண்டனர். அவர்களும் அந்தக் காலத்தவர்தாம். குடத்தோடு காத்து நின்ற பெண்ணும் அந்தக் காலத்தவளே. அது அநீதி என்பதை அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. காலத்தின் மீது பழியைப் போடுவோர், அவளைக் காலத்துக்குப் புறம்பானவளாக்கி விடுகின்றனர். பாட்டனாரோ அப்போராட்டத்தை எதிர்க்கவுமில்லை, ஆதரிக்கவுமில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தபோது, அவரும் தென்மராட்சியிலே அயலார் கிணற்றடியில் வாளியோடு காத்து நின்றார். மறு ஆண்டு ஊர் திரும்பிய பின், தம் கிணற்றுக் கயிற்றை எவர் தொட்டாலும் அவர் தடுத்தாரல்லர். ஆயினும், 'வந்து அள்ளுங்கள்' என்று எவரையும் அழைத்தாருமல்லர். கதிர்காமத்து வழியில் பக்தி காட்டிய சமத்துவத்தை ஊருக்குள் கொண்டுவர ஓர் இடப்பெயர்வு வேண்டியிருந்தது. அப்பொழுதும் அது மௌனமாகவே வந்தது. ஒரு முதியவர் அளவில் அம்மௌனம் பெரிய மாற்றமே. ஆனால், ஒவ்வொருவருக்கும் ஒரு துன்பம் நேர்ந்து அறிவு பிறக்கும்வரை நீதி காத்திருக்க இயலுமா?

2018 ஆம் ஆண்டில் தென்மராட்சிக் கோயிலொன்றிலே, ஒடுக்கப்பட்டோர் தேர்வடம் தொடுவதைத் தவிர்க்க, மண் அகழும் இயந்திரத்தால் தேரை இழுத்த செய்தியை நாம் கண்டோம். கிணற்றுக் கயிறு கைமாறினும் தேர்வடம் கைமாறாதிருந்தது என்பதே அதன் பொருள். பாட்டனாரின் பக்தியைப் பழித்துரைப்பதால் அவ்வடம் கைமாறாது. அவரைப் பாடிப் பரவுவதாலும் கைமாறாது. அவரிடமிருந்து நாம் பெறத்தக்கது, காணாத தலைமுறைக்காக இன்றே குனிந்து உழைக்கும் அந்தப் பழக்கம். அதனைப் பெற்றுக்கொண்டு, அவர் வாய் திறவாது நின்ற இடத்தில் வாய் திறப்பதே பேரப்பிள்ளைகளாகிய எமது கடன். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்க் கோயில் முன்றலிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.