அண்ணன் வீட்டுச் சண்டை

ஒரே காரியத்தை அயலான் செய்தால் ஊர் கொதிக்கிறது. சொந்தக்காரன் செய்தால் அதே ஊர் வேடிக்கை பார்க்கிறது. இது நியாயந்தானா?

கற்பனையாக நான் இதைக் கேட்கவில்லை. நமக்கு அடுத்த வீடான ஆந்திரத்தில், ஒரே மனிதருக்கு, பதினோரு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நடந்ததை வைத்துத்தான் கேட்கிறேன். அவர் என்.டி. ராமராவ்.

தமிழ் வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1964இல் வெளிவந்த 'கர்ணன்' படத்தில், சிவாஜி கணேசனுக்கு எதிரே உதட்டில் புன்னகையோடு நின்ற அந்தக் கண்ணனை யார் மறக்க முடியும்? 1923இல் கிருஷ்ணா மாவட்டத்து நிம்மகூரு கிராமத்தில், ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். 1949இல் 'மன தேசம்' படத்தில் சிறு வேடம் ஏற்றார். 1951இல் 'பாதாள பைரவி', 1957இல் 'மாயா பஜார்' என்று வளர்ந்து, கண்ணனே வந்தான் என்று மக்கள் கைகூப்பும் உயரத்தை அடைந்தார். அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி நம் சென்னையில் அவர் குடியிருந்தபோது நிகழ்ந்தது. மனைவி பசவதாரகம் அம்மையார். குழந்தைகள் பன்னிரண்டு பேர்.

சென்னையிலிருந்து வடக்கே போகும் கல்கத்தாச் சாலையில், கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் இருக்கிறது கவரைப்பேட்டை. வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்களை இந்தப் பக்கத்தில் காணலாம். எம்.ஜி.ஆரும் ராமராவும் அவர்களுக்கு ஒருசேரச் சொந்தம். அங்கே ஒரு டீக்கடையில் ராமராவின் கடைசிக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "பெத்த பிள்ளைங்களே கவுத்துட்டாங்க ஐயா, அந்த மகராசனை" என்று ஒரு பெரியவர் என்னிடம் அங்கலாய்த்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "பிள்ளைங்க கவுத்தது இருக்கட்டும் நைனா. ஓட்டுப் போட்டது யாரு, பிள்ளைங்களா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் உடனே பதில் தோன்றவில்லை. இப்போது யோசித்துச் சொல்லுகிறேன்.

1982 மார்ச்சில் ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். ஒரு வண்டியை ரதமாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். ஒன்பது மாதங்களில் ஆட்சி அவர் கைக்கு வந்தது. 1984 ஆகஸ்டில், அமெரிக்காவில் இருதய சிகிச்சை செய்துகொண்டு திரும்பியவரை ஆளுநர் பதவியிலிருந்து இறக்கினார். அவருடைய நிதியமைச்சர் பாஸ்கர ராவ் முதலமைச்சரானார். ஆந்திரமே கொதித்தெழுந்தது. ஒரே மாதத்தில் பதவி திரும்பி வந்தது.

1995 ஆகஸ்டிலும் அவர் பதவியிழந்தார். அப்போது அவர் பெரு வெற்றி பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. இம்முறை எதிரே நின்றவர் மருமகன் சந்திரபாபு நாயுடு. அவர் பக்கத்தில் ராமராவின் புதல்வர்கள். பசவதாரகம் அம்மையார் 1985இல் புற்றுநோயால் காலமானபின், 1993இல், எழுபதாவது வயதில், ராமராவ் லட்சுமி பார்வதியை மணந்திருந்தார். கட்சிக் காரியங்களில் அந்த அம்மையார் தலையிடுகிறார் என்பது எதிர்த்தவர்களின் வாதம். பழைய ரதத்திலேயே ஏறி, உறுப்பினர்கள் தங்கியிருந்த விடுதி வாசலுக்குப் போனார் ராமராவ். செருப்புகள் பறந்து வந்தன. 1984இல் பொங்கிய ஊர் இம்முறை பொங்கவில்லை. 1996 ஜனவரியில் அவர் மறைந்தார்.

இரண்டும் ஒன்றல்ல என்று வாதிடலாம். 1995இல் பெரும்பான்மை உறுப்பினர்கள் உண்மையாகவே மறுபக்கம் போயிருந்தார்கள். சட்டம் அதை ஏற்றது. 1999 தேர்தலில் மக்களும் மருமகனையே தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த ஆகஸ்டு மாதத்தில் மக்கள் சும்மா இருந்ததற்குச் சட்ட ஞானமா காரணம்? இல்லை. அதை அவர்கள் அண்ணன் வீட்டுச் சண்டையாகப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி. மாமனாரும் மருமகனும் அடித்துக்கொண்டால் அயலார் என்ன செய்வது?

அப்படிப் பார்க்க மக்களைப் பழக்கியவர் யார்? 1977இல் வந்த 'தான வீர சூர கர்ணா' படத்தை ராமராவே இயக்கினார். அதில் கண்ணன், கர்ணன், துரியோதனன் மூவரும் அவரே. அர்ச்சுனனாக ஒரு மகன் ஹரிகிருஷ்ணா, அபிமன்யுவாக இன்னொரு மகன் பாலகிருஷ்ணா. சினிமாவில் இது குற்றமில்லை. முதல் அவருடையது, பேர் அவருடையது. ஆனால் கட்சியிலும் அதே வழக்கம் நுழைந்தது. 1983 தேர்தலில் காங்கிரஸ்காரராக நின்று தோற்ற மருமகன், பிறகு மாமனார் கட்சிக்கு வந்து வளர்ந்தார். பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. வேடம் கொடுத்தவரே நாடகத்துக்குச் சொந்தக்காரர் என்று அவரும் நினைத்தார், அவர்களும் நினைத்தார்கள்.

வயதான காலத்தில் துணை தேடியது அவர் உரிமை. அதைக் குறை சொல்ல எந்தப் பிள்ளைக்கும் அதிகாரமில்லை. ஆனால் அவர் மனைவிக்கு ஆட்சியில் என்ன இடம் என்பது வீட்டாருக்குள் தீர்க்க வேண்டிய கேள்வியாகப் போனதே, அதுதான் கோளாறு. பிள்ளை குட்டி இல்லாத எம்.ஜி.ஆர். 1987இல் மறைந்ததும் இங்கே என்ன நடந்தது? கட்சி இரண்டாக உடைந்ததே! ஆகவே பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றதல்ல தவறு.

இதே ராமராவின் ஆட்சியில்தான், 1986இல், குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. தமிழ்நாடு 1989இலும் இந்தியா முழுவதும் 2005இலும் அந்த வழியில் வந்தன. சொத்தின் நியாயத்தை அத்தனை தெளிவாகக் கண்டவர் அவர். பதவி சொத்தல்ல. அது இரவல் நகை. கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம்; மகளுக்குச் சீராகக் கொடுக்க முடியாது. அம்மா கொடுக்கவில்லையே என்று மகள் பறித்துக்கொள்ளவும் முடியாது. இருவரும் சண்டையிடும்போது, நகையைக் கொடுத்தவள் "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று ஒதுங்கினால் அவளும் குற்றவாளிதான். டீக்கடை அம்மாள் கேட்டது இதைத்தான்.

1983இல் ராமராவும் எம்.ஜி.ஆரும் கையெழுத்திட்டு, சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தர ஏற்பாடு செய்தார்கள். அந்தத் தண்ணீர் ஊத்துக்கோட்டை அருகே இதே திருவள்ளூர் மாவட்டத்துக்குள் நுழைந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. முதலில் அது வந்து சேர்ந்தது 1996இல். இருவருமே அப்போது உயிரோடில்லை. அந்த நீரில் எந்த மகனும் மருமகனும் பங்கு கேட்கவில்லை. குடிக்கிற நாமும் அது யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்பதில்லை.